வெள்ளியைப் பார்க்க வந்தவர்: பாண்டிச்சேரியில் ஒரு மேகம்

இன்னிக்கு எபிசோடில் உங்களை பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஈசிஆர் வழியா இல்ல, 1769 வழியா.

அந்த வருஷம் ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. விடியறதுக்கு வெகு நேரம் முன்னாடியே ஒரு பிரெஞ்சுக்காரர் எழுந்துவிட்டார். வயசு 43. கையருகே தொலைநோக்கி இருக்கு, ஊசல் கடிகாரம் இருக்கு. சூரியன் உதிக்கணும். உதிக்கிற சூரியன் மேல ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி சூரியனோட விளிம்பைத் தாண்டி வெளியே போகிற நொடியைக் குறிச்சுக்கணும். வேலை அவ்வளவுதான். இந்த ஒரு வேலைக்காக அவர் பிரான்ஸை விட்டுக் கிளம்பி ஒன்பது வருஷம் தாண்டியாச்சு.

அவர் பெயர் கியோம் லெ ஜென்டில். பிரெஞ்சில் அந்தக் கடைசி 'ல்' சத்தமே வராது, 'லு ழான்தி' மாதிரி சொல்வாங்க. நம்ம வசதிக்கு ஜென்டில்னே வெச்சுக்கலாம்.

வானியல் வரலாற்றிலேயே ரொம்ப அதிர்ஷ்டம் கெட்டவர் யாருன்னு கேட்டா, பெரும்பாலும் இவரைத்தான் கைகாட்டுவாங்க. இன்டர்நெட்டில் இவர் ஒரு ஜோக். கேட்டா நிஜமாவே சிரிப்பு வரும், நானும் சிரிச்சிருக்கேன், இந்த எபிசோடிலும் சிரிக்கப் போறோம். ஆனா அந்த ஜோக்கைச் சொல்றவங்க வழக்கமா ஒரு பகுதியை விட்டுடறாங்க. அது நடந்தது நம்ம பாண்டிச்சேரியில், ஒரு தமிழ்க் கணக்கர் முன்னாடி. எனக்கு இந்தக் கதை பிடிச்சதே அந்தப் பகுதியால்தான்.

முதல்ல அந்தக் கறுப்புப் புள்ளி என்னன்னு பார்த்துடுவோம்.

பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில் வெள்ளி கிரகம் நேர்கோட்டில் வரும்போது, சூரியன் மேல ஒரு பொட்டு ஊர்ந்து போற மாதிரி தெரியும். இதுக்கு வெள்ளி இடைநகர்வுன்னு பேர். உங்கள்ல சிலர் 2004-லயோ 2012-லயோ ஸ்கூல் மைதானத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு இதைப் பார்த்திருக்கலாம். இதோட கால அட்டவணை ஒரு மாதிரி குரூரமானது. எட்டு வருஷ இடைவெளியில் ரெண்டு தடவை வரும். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல வராது. 1761, 1769. அப்புறம் 1874, 1882. அப்புறம் 2004, 2012. அடுத்தது 2117 டிசம்பர். இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற யாரும் அதைப் பார்க்கப் போறதில்ல.

இதில் என்ன அவ்வளவு அவசரம்? ஒரு கண்ணை மூடிக்கிட்டுக் கட்டைவிரலை முகத்துக்கு நேரா நீட்டிப் பாருங்க. இப்போ அந்தக் கண்ணைத் திறந்து இன்னொரு கண்ணை மூடுங்க. விரல் நகர்ந்த மாதிரி இருக்கும். அதே போல பூமியில் வெகு தூரத்தில் இருக்கிற ரெண்டு இடங்களிலிருந்து பார்த்தா, வெள்ளி சூரியன் மேல போகிற பாதை கொஞ்சம் வேற வேறயா தெரியும். அந்த வித்தியாசத்தை நொடிக்கணக்கில் அளந்தா, சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்குன்னு கண்டுபிடிச்சுடலாம். அதுவரைக்கும் அது யாருக்கும் சரியாத் தெரியாது. கிரகங்களுக்கு நடுவில் இருக்கிற தூரங்களோட விகிதம் தெரியும், உண்மையான தூரம் ஒண்ணுகூட உறுதியாத் தெரியாது. மேப் கையில் இருக்கு, அதில் ஸ்கேல் மட்டும் இல்லன்னு வெச்சுக்கோங்க.

இந்த யோசனையை 1716-ல் விரிவா எழுதி வெச்சவர் எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திர ஹாலிதான். அவர் பிறந்தது 1656. 1761 வரைக்கும் இருக்கணும்னா 105 வயசு வாழணும். தன்னால் பார்க்கவே முடியாத ஒரு காலை நேரத்துக்காக, இனிமே வரப்போகிறவர்களுக்கு வேலை எழுதிக் கொடுத்துட்டு 1742-ல் போய்ச் சேர்ந்தார். அவங்களும் அந்த வேலையை எடுத்துக்கிட்டாங்க. 1761-க்கு ஐரோப்பாவிலிருந்து ஆளாளுக்கு ஒரு திசையில் கிளம்பினாங்க, ஒருத்தர் சைபீரியாவுக்கு, இன்னொருத்தர் இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவுக்கு. பாண்டிச்சேரி லெ ஜென்டில் பங்குக்கு வந்தது.

அவர் நார்மண்டியில் கூத்தான்ஸ் என்ற ஊர்க்காரர். பாரிஸுக்கு வந்ததே பாதிரியாராக. இறையியல் படிக்கப் போன இடத்தில் டெலில் என்ற வானியல் பேராசிரியரோட வகுப்பில் போய் உட்கார்ந்தார், அதோட வாழ்க்கை திசை மாறிடுச்சு. (வீட்டில் பி.இ. சேர்த்துவிட்டு, பையன் மூணாவது வருஷம் சினிமாவுக்குப் போற கதை நமக்குப் புதுசில்லையே.)

1760 மார்ச் 26-ம் தேதி கப்பல் ஏறினார். இடைநகர்வு 1761 ஜூன் 6-ம் தேதிதான். கையில் பதினாலு மாசத்துக்கு மேல இருக்கு, சௌகரியமாப் போய்ச் சேரலாம்னு நினைச்சிருப்பார். ஜூலையில் மொரீஷியஸ் தீவுக்கு வந்தாச்சு. அப்போ அது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த இடம். அங்கே வந்ததும் விஷயம் தெரிஞ்சது: பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் நடந்துகொண்டிருந்த ஏழாண்டுப் போர் பாண்டிச்சேரியைச் சுத்தி வளைச்சிருக்கு. அந்தப் பக்கம் போகிற கப்பலே கிடைக்கல. மாசக்கணக்காக் காத்திருந்து, 1761 மார்ச்சில் ஒரு கப்பலில் இடம் பிடிச்சார். காற்று ஒத்துழைக்கல. கப்பல் அலைஞ்சு திரிஞ்சு மே கடைசியில் மலபார் கரையில் மாஹே பக்கம் வந்தபோது எதிரே வந்தவங்க சொன்ன செய்தி: பாண்டிச்சேரி ஜனவரியிலேயே ஆங்கிலேயர் கையில் விழுந்தாச்சு.

கப்பல் திரும்பி வந்த வழியே போனது. ஜூன் 6 வந்தபோது லெ ஜென்டில் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவா இருந்தது. வெள்ளி சூரியனைக் கடந்தது. அவர் பார்க்கவும் பார்த்தார்! ஆனா ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது. கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்குதுன்னும் உறுதியாச் சொல்ல முடியாது. நேரமும் இடமும் சரியாத் தெரியாத அளவீட்டால் யாருக்கும் பயனில்லை. இது அவருக்கே நல்லாத் தெரியும். தெரிஞ்சும் உட்கார்ந்து அளந்து குறிச்சு வெச்சார். இந்த மனுஷன் மேல எனக்குப் பாசம் வந்தது இந்த இடத்தில்தான்.

அதே நாள், அதே வெள்ளி, சென்னைப் பட்டணத்தில் நல்லாவே தெரிஞ்சது. வில்லியம் ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலப் பாதிரியார் அங்கே சாவகாசமாப் பார்த்து, லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார்.

சரி, இப்போ நீங்க லெ ஜென்டில். என்ன செய்வீங்க? வீட்டுக்குப் போவீங்க. நானும் போவேன். அவர் யோசிச்சார்: அடுத்தது எட்டு வருஷத்தில் வருது. போயிட்டுத் திரும்பி வரணும்னா எப்படியும் அதில் ரெண்டு மூணு வருஷம் கடலில் போகும். எதுக்கு, இங்கேயே இருந்துடுவோம்.

இங்கேயே. எட்டு வருஷம். பக்கத்துத் தெரு கடைக்குப் போனவர் மழை விடட்டும்னு நிற்கிற மாதிரி.

இதை இப்போ நாம டக்குனு 'சங்க் காஸ்ட்' என்று சொல்லிடுவோம். போட்ட காசு போச்சேன்னு இன்னும் காசு போடறது. கொஞ்சம் அதுவும் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா அவர் சும்மா உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருக்கல. மடகாஸ்கர் போய் அதன் கிழக்குக் கரையை வரைபடமாக்கினார். காற்று எப்போ எந்தப் பக்கம் திரும்புது, கடல் நீரோட்டம் எப்படிப் போகுது, மக்கள் என்ன சாப்பிடறாங்க, எப்படி வாழறாங்க, எல்லாத்தையும் நோட்டில் ஏத்தினார். காத்திருக்கிறதையே ஒரு உத்தியோகம் ஆக்கிக்கிட்டவர்னு சொல்லலாம்.

இதுக்கு நடுவே கணக்குப் போட்டுப் பார்த்தார். 1769 இடைநகர்வுக்கு பிலிப்பைன்ஸில் மணிலா நல்ல இடம்னு தோணுச்சு. 1766-ல் ஒரு ஸ்பானியக் கப்பலைப் பிடிச்சு மணிலாவுக்கே போயிட்டார். அங்கே ஸ்பானிய ஆளுநருக்கு இவர் மேல சந்தேகம். யாருய்யா இது, தொலைநோக்கியோட வந்து ஊரை நோட்டம் விடறான்? அந்தச் சமயம் பாரிஸிலிருந்து கடிதம் வந்தது: மணிலா வேண்டாம், பாண்டிச்சேரிக்கே போ. 1763 ஒப்பந்தத்தின்படி பாண்டிச்சேரி பிரான்ஸுக்குத் திரும்பக் கிடைச்சிருந்தது. தலைமையகம் சொல்லிடுச்சு, இவரும் மூட்டையைக் கட்டினார். ஆபீஸில் வேலை பார்க்கிறவங்க இந்த இடத்தை மனசில் வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

1768 மார்ச் கடைசியில் பாண்டிச்சேரியில் கால் வைக்கிறார். எட்டு வருஷம் முன்னாடி புறப்பட்டபோது நினைச்சிருந்த ஊர் அங்கே இல்லை. ஆங்கிலேயர்கள் 1761-ல் கோட்டையையும் ஊரையும் இடிச்சுத் தரைமட்டம் ஆக்கியிருந்தாங்க. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் ஊரோட சண்டை, சந்தை, வதந்தி எல்லாத்தையும் எழுதி வெச்சாரே, அவர் செத்ததும் ஊர் விழுந்த அதே ஜனவரியில்தான். இன்னிக்கு ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் முன்னாடி நின்னு நாம போட்டோ எடுக்கிறோம் இல்லையா, அந்த நகரம் இதுக்கு அப்புறம் திரும்ப எழும்பினது. லெ ஜென்டில் வந்தபோது அது பாதி இடிபாடு, பாதி கட்டுமான வேலை.

ஆளுநர் லா த லோரிஸ்தோன் அவரை நல்லா கவனிச்சுக்கிட்டார். பழைய கோட்டையின் இடிபாடுகள் மேல அவருக்கு ஒரு வானாய்வகம் கட்டிக் கொடுத்தாங்க. அந்தக் கோட்டை இருந்தது இன்னிக்குப் பாரதி பூங்கா இருக்கிற பகுதியில். அடுத்த முறை அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பட்டாணி சாப்பிடும்போது யோசிச்சுப் பாருங்க. இன்னொரு விஷயம்: அவருக்கு நல்ல தொலைநோக்கி ஒண்ணு தேவைப்பட்டது, அதைச் சென்னையிலிருந்து அனுப்பி வெச்சவங்க ஆங்கிலேயர்கள். ஏழெட்டு வருஷம் முன்னாடி அந்த ஊரை வெடி வெச்சுத் தகர்த்த அதே ஆட்கள். 'ஊரை இடிச்சதுக்கு வருத்தமெல்லாம் இல்ல, ஆனா வெள்ளி பார்க்கணுமா, இந்தாங்க.' மனுஷங்க இப்படியும் இருப்பாங்க.

இடைநகர்வுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருந்தது. இந்தக் காலத்தில்தான் நான் சொன்ன அந்தப் பகுதி வருது.

தமிழர்கள் கிரகணத்தைக் கணிக்கிறாங்கன்னு லெ ஜென்டில் கேள்விப்பட்டிருந்தார். எப்படின்னு தெரிஞ்சுக்க ஆசை. பாண்டிச்சேரியில் ஒரு தமிழ்க் கணக்கரைப் பிடிச்சு, ஒரு சந்திர கிரகணத்தைக் கணிச்சுக் காட்டச் சொன்னார். அந்த மனுஷர் தாள் கேட்கல, பேனா கேட்கல. தரையில் உட்கார்ந்தார். சோழிகளைப் பரப்பினார். அவற்றை இங்கே தள்ளி, அங்கே தள்ளி, வாய்க்குள்ளே ஏதோ முணுமுணுத்துக்கிட்டே, முக்கால் மணி நேரத்துக்குள்ள கிரகணத்தைக் கணிச்சு முடிச்சுட்டார். பாரிஸ் அகாதெமி உறுப்பினர் அசந்து போயிட்டார்.

அந்த முணுமுணுப்புதான் விஷயமே. நம்ம வாக்கியப் பஞ்சாங்கத்தில் 'வாக்கியம்'னு ஒரு சொல் இருக்கே, அது நிஜமாவே வாக்கியம்தான். எழுத்துக்களுக்கு எண் மதிப்பு கொடுத்து, சந்திரனோட நகர்வை நாளுக்கு ஒண்ணா சின்னச் சின்னச் சொற்றொடராக் கட்டி வெச்சிருந்தாங்க. மொத்தம் 248 வாக்கியங்கள். அட்டவணை புத்தகத்தில் இல்லை, நாக்கில் இருக்கு. பாடலை மனப்பாடம் பண்ற மாதிரி ஒரு வானியல் அட்டவணையையே மனப்பாடம் பண்ணிடலாம். வாக்கியத்தைச் சொல்லி எண்ணா மாத்தி, அதைச் சோழியா வெச்சுக் கூட்டிக் கழிக்க வேண்டியதுதான்.

லெ ஜென்டில் இதைச் சும்மா வேடிக்கை பார்த்துட்டுப் போகல. மாணவரா உட்கார்ந்து கத்துக்கிட்டார். சரிபார்க்கவும் செய்தார். 1765 ஆகஸ்ட் 30-ல் நடந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிச்சதுன்னு ரெண்டு முறைகளையும் ஒப்பிட்டார். தமிழ்க் கணக்கு 41 நொடி குறைச்சுச் சொன்னது. ஐரோப்பாவில் அப்போ பேர்போன டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 நொடி கூட்டிச் சொன்னது.

உடனே இதை ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்டு பண்ணக் கிளம்பிடாதீங்க. இன்னும் கொஞ்சம் கேளுங்க. ஐம்பத்தஞ்சு வருஷம் கழிச்சு, 1825-ல், ஜான் வாரன் என்பவர் அதே பாண்டிச்சேரியில் அதே மாதிரி ஒரு பஞ்சாங்கக் கணக்கரைச் சந்திச்சார். (கோலார் பக்கத்துக் கிராமங்களில் மண்ணைச் சலிச்சுத் தங்கம் எடுக்கிறதை 1802-ல் நேரில் போய்ப் பார்த்து எழுதினவரும் இந்த வாரன்தான். ஆமா, கேஜிஎஃப் கதையோட நிஜ ஆரம்பம். அது தனி எபிசோடு.) அதே சோழி, அதே மனப்பாடம். அந்த வருஷ கிரகணத்துக்கு அவர் போட்ட கணக்கில் தொடக்கம் 4 நிமிஷம் பிசகியது, நடுப்பகுதி 23 நிமிஷம், முடிவு 52 நிமிஷம். இந்தக் கணக்கோட தத்துவம் அந்த மனுஷருக்கு எதுவும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம்னு வாரன் எழுதினார்.

தெரியாதுன்னு வாரன் சொன்னதில் ஒரு ஏளனம் இருக்கு. எனக்கு அதே விஷயம் வேற மாதிரித் தோணுது. பல நூறு வருஷம் முன்னாடி யாரோ கணிச்ச எண்களை, அது ஏன் அப்படின்னுகூடத் தெரியாம, ஒரு எழுத்து மாறாம, அப்பாவிடமிருந்து மகனுக்கு, குருவிடமிருந்து மாணவனுக்குன்னு கடத்திக்கிட்டே வந்திருக்காங்க. யாரும் பதக்கம் கொடுக்கல, அகாதெமியில் நாற்காலி கொடுக்கல. மேடை, கைதட்டல் எதுவுமே இல்லாத விடாப்பிடி இது. அப்பப்போ வானத்தைப் பார்த்துத் திருத்தாததால கொஞ்சம் கொஞ்சமா பிசகவும் செய்யுது. அந்தப் பிசகு இன்னிக்கும் நம்ம வீட்டில் சண்டை மூட்டுது. 2025 மார்ச்சில் சனிப்பெயர்ச்சின்னு டிவியில் ஆரவாரம் நடந்தபோது, நாங்க வாக்கியப் பஞ்சாங்கம், எங்களுக்கு 2026-லதான்னு திருநள்ளாறு கோயில் அறிவிச்சதே, ஞாபகம் இருக்கா? திருநள்ளாறும் ஒரு காலத்துப் பிரெஞ்சுக் காரைக்கால்தான்.

இப்போ அந்தக் காட்சியை யோசிச்சுப் பாருங்க. தரையில் எதிரெதிரே ரெண்டு பேர். ஒருத்தர் ஒரு புள்ளி வெளியேறுகிற நொடிக்காக உலகத்தைப் பாதி சுத்தி வந்திருக்கார். இன்னொருத்தர் இருந்த இடத்தை விட்டு அசையாம, வானத்தையே நாக்கில் வெச்சிருக்கார். மொழி முழுசாப் புரியாது. நடுவில் சோழி. எனக்கு ஒரு டைம் மெஷின் கிடைச்சா, போர்க்களம், முடிசூட்டு விழா எல்லாத்தையும் விட்டுட்டு அந்தத் திண்ணைக்குத்தான் போவேன்.

சரி, அந்தக் காலை நேரத்துக்கு வருவோம்.

1769 மே மாசம் முழுக்க காலை வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஜூன் 3 சாயங்காலம் ஆளுநரும் வந்தார். ரெண்டு பேரும் தொலைநோக்கியில் வியாழனோட நிலாக்களைப் பார்த்தாங்க. எல்லாம் துல்லியமாத் தெரிஞ்சது. இந்தியாவில் இடைநகர்வு தொடங்குகிற நேரம் ராத்திரி, அதனால விடியும்போது தெரியப் போறது கடைசிக் கட்டம் மட்டும்தான். அது போதும்.

ராத்திரி நடுவே எழுந்து பார்த்தார். மேகம். விடியற்காலையில் காற்று சுழன்று அடிச்சது, மணல் பறந்தது, கடல் நுரைச்சு வெள்ளையாச்சு. அப்புறம் காற்று அடங்கினது. மேகம் மட்டும் போகல. சூரியன் எங்கே இருக்குன்னே தெரியாத அந்த மேகத்துக்குப் பின்னாடி, வெள்ளி சூரியனைக் கடந்து முடிச்சு வெளியேறியது. அதுக்கப்புறம் மேகம் விலகி, அன்னிக்குப் பூரா பளிச்சுன்னு வெயில் அடிச்சது.

மணிலாவில் அன்னிக்கு வானம் தெளிவு. தலைமையகம் வேண்டாம்னு சொன்ன அதே மணிலா.

ரெண்டு வாரத்துக்கு மேல அவரால எதுவுமே செய்ய முடியலைன்னு அவரே எழுதியிருக்கார். நடந்ததைப் பாரிஸுக்கு எழுத உட்கார்ந்தபோது பேனா பலமுறை கையிலிருந்து நழுவியதாம். நாடு கடத்தப்பட்டவன் மாதிரி இவ்வளவு தூரம் வந்தது ஒரு மேகத்தைப் பார்க்கத்தானான்னு புலம்புகிறார். வழக்கமா எல்லாரும் இந்த இடத்தில்தான் சிரிக்கிறாங்க. நான் இந்த இடத்தில் சிரிக்கல.

இன்னொரு பக்கமும் சொல்லணும். 1761-ல் சைபீரியாவுக்குப் போனார்னு சொன்னேனே ஒருத்தர், அவர் ஷாப் தோத்ரோஷ். 1769-க்கு மெக்ஸிகோவின் கலிஃபோர்னியா முனைக்குப் போனார். வானம் அருமை, அளவீடு அருமை. ரெண்டு மாசத்துக்குள்ள அங்கே பரவிய காய்ச்சலில் செத்துப் போனார். தாஹிதி தீவில் கேப்டன் குக்கும் வானியலாளர் சார்ல்ஸ் கிரீனும் பக்கத்தில் பக்கத்தில் நின்னு பார்த்தும், ரெண்டு பேர் குறிச்ச நேரம் ஒத்துப்போகல. வெள்ளி சூரியன் விளிம்பைத் தொடும்போது நீர்த்துளி மாதிரி ஒட்டிக்கிட்டு இழுபட்டது, எந்த நொடின்னு யாராலயும் அறுதியிட முடியல. அதாவது மேகம் வராம இருந்திருந்தாலும், லெ ஜென்டில் ஒன்பது வருஷமா நினைச்சுக்கிட்டிருந்த அந்தத் துல்லியமான நொடி கிடைச்சிருக்காது. இருந்தாலும் எல்லார் கணக்கையும் சேர்த்து 1771-ல் தாமஸ் ஹார்ன்ஸ்பி கண்டுபிடிச்ச தூரம் சுமார் 15.08 கோடி கிலோமீட்டர். இன்னிக்கு நமக்குத் தெரிஞ்சது 14.96 கோடி. நூத்துக்கு ஒண்ணு கூட பிசகல. அதில் லெ ஜென்டில் பங்கு பூஜ்யம்.

திரும்பிப் போகிற கதை இன்னும் மோசம். உடம்பு படுத்துடுச்சு. 1770-ல் பாண்டிச்சேரியை விட்டு மொரீஷியஸுக்குப் போய், அங்கிருந்து கிளம்பின கப்பல் புயலில் மாட்டி, உடைஞ்சு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. கடைசியில் ஒரு ஸ்பானியக் கப்பலில் காதிஸ் துறைமுகம், அங்கிருந்து தரை வழி. 1771 அக்டோபர் 8-ம் தேதி பிரென்னே மலையைத் தாண்டிப் பிரான்ஸ் மண்ணை மிதிச்சார். பதினொரு வருஷம், ஆறு மாசம், பதிமூணு நாள். அந்த நிலைமையிலும் அவர் நாளை எண்ணி எழுதியிருக்கார், பாருங்க.

ஊருக்கு வந்தா, அவர் செத்தாச்சு. அவர் அனுப்பின கடிதங்கள் சரியாப் போய்ச் சேரல. வாரிசுகள் சொத்தைப் பங்கு போட ஆரம்பிச்சிருந்தாங்க. அகாதெமியில் அவர் இடத்தை வேறொருத்தருக்குக் கொடுத்திருந்தாங்க. உயிரோட நிற்கிற மனுஷன் தான் உயிரோட இருக்கேன்னு நிரூபிக்க வேண்டிய நிலைமை. ஆயுள் சான்றிதழ் கொடுக்க வருஷா வருஷம் வரிசையில் நிற்கிற நம்ம ஊர் ஓய்வூதியக்காரர்கள் கேட்டா 'அட நம்மாளு'ம்பாங்க. அவர் பணத்தைப் பார்த்துக்கிட்டிருந்த ஆள், அது திருடு போயிடுச்சுன்னு கைவிரிச்சார். லெ ஜென்டில் வழக்குப் போட்டார். தோத்தார். வழக்குச் செலவும் அவர் தலையில் விழுந்தது.

இந்த இடத்தில் யூடியூப் வீடியோக்கள் இன்னொண்ணும் சேர்க்கும்: அவர் மனைவியும் இன்னொருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு. அது பொய். அவர் கிளம்பும்போது அவருக்குக் கல்யாணமே ஆகல. இது எனக்கு வேடிக்கையா இருக்கு. போர், புயல், வயிற்றுக்கடுப்பு, மேகம், கோர்ட்டு, இவ்வளவும் நிஜமாவே நடந்திருக்கு. நமக்கு அது போதல. கதை இன்னும் கொஞ்சம் சோகமா இருந்தா நல்லாருக்கும்னு ஒரு மனைவியை உண்டாக்கி, அவங்களைப் பிரிச்சும் விட்டுட்டோம்.

இன்னொரு வகைக் கற்பனையும் உண்டு, அது ரீல்ஸில் வரும். விடாம முயற்சி பண்ணு, ஒரு நாள் ஜெயிப்பே. பின்னணியில் கிடார். இந்தக் கதையை அந்த ரீலில் வைக்கவே முடியாது, ஏன்னா அந்த ஒரு நாள் வந்தது, மேகமா வந்தது. அண்ணா நகரில் கோச்சிங் சென்டர் வாசல் டீக்கடைகளில் நிற்கிறவங்க சிலர் இந்த பாட்காஸ்டைக் கேட்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். நாலாவது அட்டெம்ப்ட், அஞ்சாவது அட்டெம்ப்ட். லிஸ்ட்டில் பேர் வரலைன்னா அந்த வருஷங்கள் எல்லாம் என்னன்னு கேட்டு எழுதறீங்க. வேஸ்ட் இல்லன்னு நான் சுலபமாச் சொல்லிட முடியாது, லெ ஜென்டிலே அந்த ரெண்டு வாரம் அப்படிச் சொல்லல. ஆனா அவருக்கு அப்புறம் நடந்ததை மட்டும் சொல்லிடறேன்.

திரும்பி வந்த கொஞ்ச நாளில் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அகாதெமியில் இடமும் திரும்பக் கிடைச்சது. கடலில் போன பயணத்தைப் பத்தி ரெண்டு பெரிய தொகுதிகள் எழுதினார், 1779-ல் ஒண்ணு, 1781-ல் ஒண்ணு. மடகாஸ்கர் கடற்கரை, பருவக்காற்று, மணிலா, பாண்டிச்சேரித் தமிழர்களோட வாழ்க்கை, எல்லாம் அதில் இருக்கு. அந்தச் சோழிக் கணக்கும் இருக்கு. அவர் கொண்டுபோன அட்டவணைகளைப் பார்த்து பையி என்ற வானியலாளர் 1787-ல் இந்திய வானியல் பத்தித் தனிப் புத்தகமே போட்டார். (பையி பின்னாடி பாரிஸ் மேயர் ஆனார், புரட்சியில் கில்லட்டினில் தலை போச்சு. அந்தக் காலம் அப்படி.) இந்தியர்களோட கணக்கு எவ்வளவு பழசு, எவ்வளவு சரின்னு ஐரோப்பாவில் பல வருஷம் சண்டை நடந்தது. வெள்ளியைப் பார்க்க வந்தவர் வெள்ளியைப் பார்க்கல. அவர் நேரம் போகாம தரையில் உட்கார்ந்து கத்துக்கிட்டது கப்பல் ஏறிப் போய் ஊரெல்லாம் பேச்சாச்சு.

லெ ஜென்டில் 1792 அக்டோபரில் இறந்தார். புரட்சியோட மோசமான கட்டம் தொடங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவருக்கு டைமிங் சரியா அமைஞ்சது இதில்தான்.

நிலாவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வெச்சிருக்காங்க. நிலாவோட தெற்கு விளிம்பில், கிட்டத்தட்ட ஓரத்தில் இருக்கு. நேரா தெரியாது, பக்கவாட்டில் கோடு மாதிரித்தான் தெரியும். நிலா லேசா அந்தப் பக்கம் ஆடுகிற நாளாப் பார்த்து, தொலைநோக்கியோட காத்திருக்கணும். மேகம் இருக்கக் கூடாது.

அடுத்த எபிசோடில் கோலார். பார்ப்போம்.